பன்னிரண்டு விநாடி நடை

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரைக்கும் எந்தத் தெருவில் கத்திக்குத்து நடந்தாலும் போலீஸ் ஜீப்புக்கு அடுத்து என் பைக்தான் போய் நிற்கும். பத்தொன்பது வருஷமாக இதுதான் பிழைப்பு. ஒரு செய்தித் தொலைக்காட்சிக்கு வடசென்னைப் பகுதி கேமராமேன் நான். ஆள் போதாது என்பதால் பாதி நாள் நிருபரும் நானே. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் என்பதுதான் என் தகுதி. எந்தச் சந்து எங்கே போய் முட்டும் என்று தெரியும். அழுதுகொண்டிருக்கிற அம்மாவிடம் எப்படிப் பேசினால் மைக்கைத் தட்டிவிட மாட்டாள் என்றும் தெரியும். அலுவலகத்தில் இதை மெச்சிப் பேசுவார்கள். நானும் ரொம்ப நாள் அதைக் கேட்டுப் பூரித்துப் போயிருக்கிறேன்.

எங்கள் பகுதிப் பையன்களை டிவியில் எப்படிக் காட்ட வேண்டும் என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஸ்டேஷனில் ஒரு மேசை, அதன்மேல் வரிசையாகக் கத்திகள், பின்னால் தலை குனிந்து நிற்கும் பையன்கள். கையில் மாவுக்கட்டு இருந்தால் அலுவலகச் செய்தி டெஸ்க்கில் இருப்பவர்களுக்குக் கொண்டாட்டம், அந்த மாவுக்கட்டை மட்டும் கிட்டத்தில் காட்டி ஒரு ஷாட் கேட்பார்கள். பதினெட்டு வயது ஆகாதவன் என்றால் முகத்தைக் காட்டக் கூடாது, அது சட்டம். முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டு, அவன் தெரு, அவன் பள்ளிக்கூடம், அவன் அப்பா செய்யும் வேலை எல்லாவற்றையும் பின்குரலில் ஒப்பிப்போம். அதே பையன் வயதில் அதே தெருவில் காலையில் டிபன் டப்பாவோடு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களை நான் ஒருநாளும் படம் பிடித்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

இதையெல்லாம் செய்துகொண்டே நான் நல்லவனாகவும் இருந்தேன். அதாவது அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழு வருஷத்துக்கு முன் எண்ணூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியை அழகு நிலையத்தில் வேலை என்று சொல்லி யாரோ வேறு மாநிலத்துக்குக் கூட்டிப்போய் விற்றுவிட்டார்கள். சில மாதங்கள் கழித்து அவளை மீட்டுக் கொண்டுவந்து ஏதோ காப்பகத்தில் வைத்தார்கள். எங்கள் சேனல் அதை வைத்து அரைமணி நேர நிகழ்ச்சி ஒன்று செய்தது. அந்தப் பெண்ணைக் காட்ட முடியாது, அவள் குரலையும் போட முடியாது, காப்பகத்தின் கேட்டைக்கூட எடுக்க முடியாது. அரைமணி நேரம் திரையில் எதைத்தான் ஓடவிடுவது? செய்தி ஆசிரியர் எனக்கு போன் பண்ணி, ஏதாவது ஒரு பெண்ணை நடக்க வைத்து எடுத்து அனுப்பு என்றார்.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். காட்ட முடியாத ஆளுக்குப் பதிலாக வேறொருவரை நடக்க வைப்பது எங்களிடம் வெகு நாளாக உள்ள வழக்கம். பெரும்பாலும் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்த பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு நடப்பார்கள், உட்கார்வார்கள், சுவரைப் பார்ப்பார்கள். திரையின் மூலையில் ‘சித்தரிக்கப்பட்ட காட்சி’ என்று பொடி எழுத்தில் போட்டுவிட்டால் எங்கள் மனசாட்சிக்கு வேலை முடிந்தது. பகுதிகளில் இருக்கிற என்னைப் போன்றவர்கள் அக்கம்பக்கத்தில் யாரையாவது பிடிப்போம். ஒரு தடவை குடிகாரக் கணவனாக எங்கள் தெரு இஸ்திரிக்காரர் நடித்தார். அவர் டீகூடக் குடிக்காத மனிதர்.

எனக்கு எதிர்வீட்டுப் பெண் ஞாபகத்துக்கு வந்தாள்.

அப்போது அவளுக்குப் பதினாறு வயது. அவள் அம்மா எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் டிபன் கடை போட்டிருந்தாள். அப்பா கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். அந்த அம்மா என்னை ‘ண்ணா’ என்று கூப்பிடுவாள், அதனால் பெண்ணுக்கு நான் மாமா. அவளுக்கு ஐந்து வயதில் ஒரு ஷேர் ஆட்டோ காலில் ஏறிவிட்டது. வலது பாதம் கொஞ்சம் உள்ளே திரும்பி, நடக்கும்போது லேசாக இழுக்கும். ஓடியாடித் திரிகிற பெண்தான், தெருவில் யாரும் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. எனக்குத்தான் அன்றைக்கு அது பளிச்சென்று பட்டது. பின்னாலிருந்து எடுத்தால் அந்த இழுப்புக்காகவே பார்க்கிறவன் சேனலை மாற்ற மாட்டான் என்று கணக்குப் போட்டேன். இதை இப்போது எழுதும்போது என்னையே நாலு அறை அறையத் தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குத் தொழில் தெரிந்தவன் என்ற பெருமைதான் இருந்தது.

டிபன் கடைக்குப் போய் அவள் அம்மாவைக் கேட்டேன். முகம் தெரியாது இல்ல ண்ணா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். தெரியாது என்றேன். அப்புறம் இன்னா, இட்டுக்கினு போ என்று சொல்லிவிட்டு தோசையைத் திருப்பப் போய்விட்டாள்.

பிற்பகல் நாலு மணி. எங்கள் சந்தின் முனையில் கடல் அரிக்காமல் இருக்கக் கொட்டிய கருங்கல் கிடக்கிறது. சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கல் வரைக்கும் நடக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் என்றேன். தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, தோளில் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு, அழ வேண்டுமா மாமா என்று கேட்டாள். வேண்டாம், நடந்தால் போதும் என்றேன். முதல் தடவை பாதி வழியிலேயே சிரித்துவிட்டாள். இரண்டாவது தடவை ஒழுங்காக நடந்து போய், கல்லுக்குப் பக்கத்தில் போனதும் திரும்பி, ‘சரியா கீதில்ல மாமா?’ என்று கத்திச் சிரித்தாள். சிரிப்பை வெட்டி எறிந்துவிட்டு நல்லதாகப் பன்னிரண்டு விநாடியை எடுத்துக்கொண்டேன்.

நிகழ்ச்சி ஒளிபரப்பான அன்று சந்தே எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தது. அவள் அம்மா கேசரி கிண்டிக் கொண்டுவந்தாள். பின்குரல் உருகி உருகி அந்த எண்ணூர்ப் பெண்ணுக்கு நடந்ததைச் சொல்ல, திரையில் இவள் நடந்தாள். இங்கே எல்லோரும் கை தட்டினார்கள். செய்தி ஆசிரியர் போன் பண்ணி, அந்தக் கால் இழுக்கிறது பிரமாதம், எங்கே பிடித்தாய் ஆளை என்றார். என்ன சொல்கிறார் என்று வீட்டில் இருந்தவர்கள் கேட்டார்கள். நல்லா வந்திருக்காம் என்று மட்டும் சொன்னேன்.

இனி நான் செய்த தவறு. மற்றதெல்லாம் வழக்கம், இது மட்டும் என் கையால் செய்தது. காட்சிகளை அலுவலக சேமிப்பில் ஏற்றும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு தட்டச்சு செய்ய வேண்டும். பிறகு தேடுகிறவனுக்கு அதுதான் வழிகாட்டி. நான் ‘மீட்கப்பட்ட சிறுமி, வடசென்னை’ என்று அடித்தேன். சீக்கிரம் கிடைக்கட்டும் என்றுதான் அப்படி அடித்தேன். சித்தரிப்பு என்ற ஒரு வார்த்தையைச் சேர்க்க அரை நிமிஷம்கூட ஆகாது. திரையின் மூலையில் வருகிற பொடி எழுத்தோ ஒளிபரப்பும்போது மேலே ஒட்டுவது, சேமித்த காட்சியில் அது இருக்காது. ஆக, சேமிப்பில் போய்ப் படுத்தது வெறும் பெண், வெறும் நடை, மேலே என் தலைப்பு.

அடுத்த வருஷமே அது எழுந்து நடக்க ஆரம்பித்தது. காதலிப்பதாக ஏமாற்றிய கும்பல் என்று ஒரு செய்தி, அதில் இவள் நடந்தாள். பள்ளி மாணவிகளிடம் போதை மாத்திரை என்று ஒரு செய்தி, அதிலும் இவள்தான். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் தேடுவார்கள், தலைப்பைப் படிப்பார்கள், உண்மையான பெண் என்று நம்பிப் போடுவார்கள். உண்மை என்று நம்பியதால் பொடி எழுத்தும் போட மாட்டார்கள். முதலில் தெருவில் இது தமாஷாக இருந்தது. டீக்கடையில் அவள் அம்மாவைப் பார்த்து, உன் பொண்ணு இன்னிக்கும் ஓடிப் போய்ட்டா போல என்று கிண்டல் செய்வார்கள், அவளும் சிரிப்பாள்.

பிறகு யூடியூப்காரர்கள் வந்தார்கள். எங்கள் ஒளிபரப்பிலிருந்து அந்தப் பன்னிரண்டு விநாடியை உருவி எடுத்து, வேகத்தைக் குறைத்து, இழுக்கிற காலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார்கள். அவளைக் கட்டிவைத்து அடித்ததால் கால் போய்விட்டது என்று ஒருவன் சொன்னான். வடசென்னை என்றால் எதைச் சொன்னாலும் நம்புவதற்கு ஆள் இருக்கிறது. எங்கள் சந்துக்காரர்களுக்கு அவளைத் தெரியும். பக்கத்துப் பகுதிகளான தங்கலிலும் காலடிப்பேட்டையிலும் இருப்பவர்களுக்கு அந்த நடையை மட்டும் தெரியும்.

முகத்தை மறைத்த எனக்கு நடையை மறைக்கத் தோன்றவில்லை.

அவள் கல்லூரிக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒரு விஷயத்தைக் கவனித்தேன். நடப்பதை விட்டுவிட்டாள். பஸ் ஸ்டாப் எங்கள் சந்திலிருந்து ஐந்து நிமிஷம்தான், அதற்கும் ஷேர் ஆட்டோ. கடைக்குத் தம்பியை அனுப்பினாள். தெரிந்தவர்கள் யாராவது எதிரே வந்தால் நின்று போனைப் பார்ப்பாள், அவர்கள் கடந்து போகிற வரைக்கும் காலை எடுத்து வைக்க மாட்டாள். பாதத்தைத் திருப்பி வைக்க ஆபரேஷன் இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் விசாரித்ததாக அவள் அம்மா என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். என் மனைவி அதை என்னிடம் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் கேமரா பேட்டரியை சார்ஜ் போட எழுந்து போனேன்.

அலுவலகத்தில் ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் தலைப்பு அடித்தது யார் என்று கேட்பார்கள். வேறு காரணம் எதுவும் இல்லை. ஊரை மாற்றப் புறப்பட்டவனைப் போல மைக்கைப் பிடித்துக்கொண்டு கவுன்சிலரைக் கேள்வி கேட்கிற தைரியம் எனக்கு இருந்தது. என் டெஸ்க்கைக் கேட்கிற தைரியம் இல்லை.

அவள் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து ராயபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். போன வருஷம் அங்கே தெரிந்த அம்மா ஒருவரை ஸ்கேனுக்குக் கூட்டி வந்த பையன் இவளைப் பார்த்துப் பிடித்துப்போய் வீட்டில் சொல்லியிருக்கிறான். கொடுங்கையூரில் புதிதாகக் கட்டிய அடுக்கு வீடு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் கண்டெய்னர் யார்டில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிற வேலை. பையனின் அம்மாவும் அக்காவும் வந்து பார்த்தார்கள், கால் விஷயத்தை முதலிலேயே சொல்லியாகிவிட்டது, அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பூ வைத்துவிட்டுப் போனார்கள். அந்த வாரம் அவள் சந்து முனையிலிருந்து வீடு வரைக்கும் நடந்து வந்ததை நான் பார்த்தேன். அந்தப் பையனுடன் போனில் பேசிக்கொண்டு, யாரையும் கவனிக்காமல் வந்தாள்.

பத்து நாள்கூட ஆகவில்லை. பையனின் அக்காவுக்கு யாரோ அந்த யூடியூப் வீடியோவை அனுப்பி, இது உங்கள் வீட்டுக்கு வரப்போகிற பெண்தானே என்று கேட்டிருக்கிறார்கள். கல்யாணப் பேச்சை நிறுத்தி வைக்கலாம் என்று கொடுங்கையூரிலிருந்து போன் வந்தது.

அவள் அம்மா போனைக் கையில் பிடித்தபடி எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்மேல் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

“உங்க ஆபீஸ்ல ஒரு லெட்டர் வாங்கிக் குட்த்துடு ண்ணா. அது சும்மா நடிக்க வெச்சதுன்னு எய்தி சீல் குத்திக் குட்த்தா போதும். அத்த காட்டி அவங்க வாயை அடச்சிடுவேன்” என்றாள்.

மறுநாளே போனேன். செய்தி ஆசிரியர் இப்போது வேறு ஆள், என்னைவிடச் சின்னவர், மரியாதையாகத்தான் பேசினார். முழுதும் கேட்டுவிட்டு உச்சுக்கொட்டினார். சித்தரிப்பு என்று கடிதம் கொடுத்தால், இத்தனை வருஷமாக அதை உண்மைக் காட்சியாகப் போட்டோம் என்று நாமே எழுதிக் கொடுத்தது போல ஆகும், சட்டப் பிரிவு விடாது என்றார். காட்சியைச் சேமிப்பிலிருந்து தூக்கச் சொல்கிறேன் என்று உறுதி சொன்னார். நான் எழுந்து கதவு வரைக்கும் போன பிறகு கூப்பிட்டார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். அந்தப் பெண்ணையே கூட்டிவாருங்கள், ‘அவள் நான் இல்லை’ என்று ஒரு பேட்டி எடுப்போம், முகத்தை வேண்டுமானால் மறைத்துவிடலாம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. பத்தொன்பது வருஷத்தில் அப்படி எத்தனை யோசனைகளை நானே சொல்லியிருக்கிறேன்.

நாலாம் நாள் ரெட்டேரிப் பக்கம் ஏதோ ஒரு விடுதியில் சோதனை என்று செய்தி வந்தது. அதில் இவள் நடந்தாள்.

கடிதம் கிடைக்காததால் நானே ஒன்று எழுதினேன். என் அடையாள அட்டையின் நகலையும் சேர்த்து வைத்தேன். வீட்டில் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் குடைந்து, அன்றைக்கு எடுத்த முழுக் காட்சியையும் தேடிப் பிடித்தேன். வெட்டாத காட்சி. அதில் அவள் சிரிப்பதும், நான் பின்னாலிருந்து ‘சிரிக்காதே’ என்று சொல்வதும், கல்லுக்குப் பக்கத்தில் திரும்பி அவள் கத்துவதும் அப்படியே இருந்தன. இதைவிடப் பெரிய சாட்சி எதுவும் இருக்க முடியாது என்று எனக்கு உயிர் வந்தது. யாரும் எங்கேயும் போக வேண்டாம் என்று அவள் தன் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். நாங்கள் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் டூட்டிக்குப் போன பிறகு நானும் அவள் அம்மாவும் கொடுங்கையூர் போனோம்.

பையனின் அம்மா டீ கொடுத்தார். குப்பைமேட்டுப் புகை வருகிறது என்று பையன் ஜன்னலைச் சாத்திவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றான். என் கடிதத்தை அவன் அக்கா வாங்கிப் படித்தாள். போனில் முழுக் காட்சியையும் ஓடவிட்டேன். ‘சரியா கீதில்ல மாமா’ என்று அவள் சிரித்தபோது அந்தப் பையனும் கொஞ்சம் சிரித்தான். முடிந்துவிட்டது, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

பையனின் அம்மா மறுபடி ஒரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து நிதானமாகச் சொன்னார்.

“நீங்க சொல்றத நான் நம்புறேன் ண்ணா. ஆனா நாளைக்கு மண்டபத்துல வந்து குந்துறவங்க இத்தயா பார்த்துக்கினு வருவாங்க? அத்த தான பார்த்துக்கினு கீறாங்க. ஒண்ணு செய்யலாம். ஒரு லேடி டாக்டராண்ட பொண்ண காட்டி, ஒண்ணியும் ஆவலன்னு ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கினு வந்துடுங்க. யாரு கேட்டாலும் நானே எடுத்துக் காட்டிடுவேன்.”

அதை அவர் உதவியாகத்தான் சொன்னார். அவன் அக்கா தலையை ஆட்டினாள். பையன் சாத்திய ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் போனை எடுத்துப் பைக்குள் போட்டேன். அவள் அம்மா மட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்று முணுமுணுத்தாள்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில், ஒரே ஒரு தடவை காட்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் இல்லையா என்று என்னைக் கேட்டாள். முடிந்துவிடும் என்றேன். அந்தக் கேவலத்தையும் என் வாயால் சொன்னேன். ஏதாவது ஒரு காகிதம் கிடைத்து, கல்யாணம் நடந்து, என் தலைமேல் இருக்கிற கல் இறங்கினால் போதும் என்றிருந்தது. அந்தக் காகிதத்துக்காக அவள் மகள் எந்த மேசையில் படுக்க வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை.

சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்ததும், தனியாகச் சொல்லப் பயந்து, அவள் அம்மா அவளை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள். முன்னறையில் வைத்துச் சொன்னாள். நாங்கள் கொடுங்கையூர் போனது, அவர்கள் கேட்டது, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டு, மாமாவும் சரின்னு தான் சொல்றாரு என்று என்னையும் சேர்த்துக்கொண்டாள். மகள் என் பக்கம் திரும்பவே இல்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்துப் பையனின் அம்மாவுக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டு, டிவி பக்கத்தில் வைத்தாள்.

“அத்தே, அந்த வீடியோல நடந்து போறது நான் தான். மாமா காட்னாரே, சிரிக்கிறது, நடிக்கிறது, அத்த வுட்டுடுங்க. எனக்கு நெஜமாவே அப்டி நடந்துச்சுன்னு வெச்சிக்கங்க. இட்டுக்கினு போனாங்க, வித்தாங்க, தப்பிச்சி வந்துட்டேன். இப்ப சொல்லுங்க, நான் உங்க வூட்டுக்கு வர்லாமா?”

அந்தப் பக்கத்தில் டிவி சத்தம் கேட்டது. யாரோ அதன் ஒலியைக் குறைத்தார்கள். பையனின் அம்மா, இன்னாமா நீ இப்டிப் பேசுற என்றார். பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது. நாங்கள் காத்திருந்தோம். அங்கிருந்து போன் வரவில்லை, அந்தப் பையனிடமிருந்தும் வரவில்லை. அவள் அம்மா மாரில் அடித்துக்கொண்டாள், எழுந்து மகளின் முதுகில் இரண்டு அடி வைத்தாள், பிறகு அவளையே கட்டிக்கொண்டு அழுதாள். கெடுத்துக்கினியேடி, உன் வாயாலயே கெடுத்துக்கினியே என்று மறுபடி மறுபடி அதையே சொன்னாள்.

அவள் அழவில்லை. அம்மாவின் அழுகை அடங்கும்வரை இருந்துவிட்டு என்னைக் கேட்டாள்.

“அந்தப் பொண்ணு இப்போ எங்க கீது மாமா? அந்த எண்ணூர்ப் பொண்ணு. அதுக்கு யாரு லெட்டர் எய்திக் குட்ப்பா?”

எனக்குத் தெரியாது. நிகழ்ச்சிக்காக அவளைப் பற்றி அரைமணி நேரம் பேசினோம், அவளை விற்ற விலையிலிருந்து அவள் தின்ற சோறு வரைக்கும் சொன்னோம். பிறகு நான் ஒருநாளும் அவளை விசாரிக்கவில்லை. காப்பகத்தில் இருக்கிறாளா, வீட்டுக்குப் போனாளா, அவளைக் கொண்டுபோனவன் உள்ளே இருக்கிறானா வெளியே இருக்கிறானா, எதுவும் தெரியாது. எங்களுக்கு அவள் ஒரு நாள் செய்தி. அவள் இடத்தில் நாங்கள் நடக்கவிட்ட பெண்தான் ஏழு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறாள். தெரியாதும்மா என்றேன்.

இதுவரை எழுதியதில் ஒன்றை நான் சொல்லாமல் விட்டிருக்கிறேன். மறந்துபோய் விடவில்லை. எழுத எழுத அதைத் தள்ளிக்கொண்டே வந்தேன். எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள். எதிர்வீட்டுப் பெண்ணைவிட நாலு மாதம்தான் பெரியவள், ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இத்தனை பேச்சும் நடக்கும்போது அவள் உள்ளறையில் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

தன் அம்மாவைக் கைத்தாங்கலாக வாசல் வரை அழைத்துப் போன எதிர்வீட்டுப் பெண், செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். சண்டை போடுகிற குரல் இல்லை, ரொம்ப நாளாக வைத்திருந்ததைக் கேட்பது போல இருந்தது.

“அன்னிக்கு உங்க பொண்ணும் வூட்ல தான மாமா இருந்தா. அவள ஏன் நீங்க நடக்கச் சொல்லல?”

கால் இழுப்புக்காகத்தான் உன்னை எடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். அது பாதி உண்மை, சொல்லியிருந்தால் என்மேல் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பாள், எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். ஆனால் அன்று செய்தி ஆசிரியர் போன் பண்ணியபோது என் பெண் எனக்கு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தாண்டிக்கொண்டுதான் டிபன் கடைக்குப் போனேன்.

“தோணலம்மா” என்றேன்.

உள்ளறையில் என் பெண் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அதன் பிறகு அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.